பாத்ரூம் எதிரொலி: ‘பி மை பேபி’யை 1963 மாதிரி வீட்டில் பதிவு செய்ய முடியுமா?

மொட்டைமாடி ரேடியோ (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வாரமாக ஒரே பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ரோனெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பாடிய ‘பி மை பேபி’. பெயர் தெரியாதவர்கள்கூட அந்த டிரம்ஸ் தொடக்கத்தை எங்காவது கேட்டிருப்பார்கள். பூம், ப-பூம், டக்.

நான் பாடுகிறேன், அத்தான் கிட்டார், மீதி எல்லாம் கணினி. இரண்டு மைக் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு எஸ்.எம். 58 (மேடை மைக்), ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். இவ்வளவுதான் கையில். மூலப்பாட்டு ஈ மேஜர். என் குரல் அங்கே போய்த் திணறுவதால் டி மேஜருக்கு இறக்கிக்கொண்டேன்.

இப்போது 34 டிராக் (தனித்தனிப் பதிவு) ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பழைய டேப் ஒலியைச் சேர்க்கும் பிளக்-இன், எல்லாவற்றுக்கும் ஹால் ரிவர்ப் (பெரிய மண்டபத்து எதிரொலி), கடைசியில் மொத்தத்துக்கும் இசைத்தட்டுக் கீறல் சத்தம். கேட்டால் பழைய பாட்டு மாதிரி இல்லை. நேற்று எடுத்த செல்ஃபிக்குப் பழுப்பு நிற ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

சத்தம் போடாதே

டிரம்ஸ் சாம்பிளை (முன்பே பதிவான ஒலித் துண்டை) மாற்றுங்கள். அறுபதுகளின் ஒலியில் நல்ல சாம்பிள் தொகுப்புகள் கிடைக்கின்றன. பத்து நிமிட வேலை. பாத்ரூம் என்று தலைப்பில் ஏன் போட்டிருக்கிறீர்கள் என்று புரியவில்லை.

மொட்டைமாடி ரேடியோ

பாத்ரூமில் பாடினால் நன்றாக இருக்கிறது என்பதால் போட்டேன். :) அதை மைக்கில் பிடிக்கும் வழிதான் தெரியவில்லை.

பழைய ஸ்பூல் (திங்கள் காலை)

அம்மா, உங்கள் பதிவைப் படித்துச் சிரித்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் ஸ்பூல் டேப் ஓட்டிச் சம்பளம் வாங்கியவன். டேப் இரைச்சலைக் குறைக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். இன்று அதே இரைச்சலைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறீர்கள்.

முதலில் அந்தக் கீறல் சத்தத்தை எடுத்துவிடுங்கள். ஸ்டுடியோவில் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. அது அந்த இசைத்தட்டை வைத்திருந்தவர் வீட்டு ஊசியும் தூசியும் செய்த வேலை. மங்கலான ஒலியும் அப்படித்தான். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு, பழைய பாட்டு என்றால் மந்தமாக இருக்க வேண்டும் என்று நம் காது பழகிவிட்டது. நல்ல வால்வு மைக்கும் நல்ல டேப்பும் இருந்த ஸ்டுடியோக்களின் மூலப்பதிவுகள் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அடுத்து அந்த 34 டிராக். இந்தப் பாட்டு ஹாலிவுட்டில் சான்டா மோனிகா பொலவார்டும் வைன் தெருவும் சேரும் இடத்தில் இருந்த கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் பதிவானது. டேவிட் கோல்ட், ஸ்டான் ராஸ் இருவரும் 1950-இல் தொடங்கிய இடம். (ஒருவர் பெயரின் கோல்ட், இன்னொருவர் பெயர்களின் முதல் எழுத்துகள், அதுதான் ‘கோல்ட் ஸ்டார்’.) அங்கே அப்போது இருந்தது மூன்று டிராக் டேப் எந்திரம். மூன்றே மூன்று. அந்தச் சின்ன அறையில் இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசித்தார்கள். பியானோவில் ஒருவர் வாசிப்பதையே பக்கத்துப் பியானோவில் இன்னொருவரும் வாசிப்பார். கிட்டாரும் அப்படியே, மூன்று நான்கு பேர் ஒரே ஸ்ட்ரம்மிங். ஒருவர் மைக்கில் மற்றவர் சத்தம் வழியும். அந்த வழிசல்தான் நீங்கள் தேடுவது. உங்கள் 34 டிராக்கும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. தனித்தனி அறையில் பிறந்தவை.

பாத்ரூம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மாத்திரை போடும் நேரம்.

ரிதம் கோபி

ஐயா சொன்னதோடு டிரம்ஸ் பற்றி ஒன்று. வாசித்தவர் ஹால் பிளெய்ன். நான்கு எண்ணிக்கையில், ஒன்றில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கிக், மூன்றில் கிக், நான்கில் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்). இரண்டில் ஒன்றுமே இல்லை. சாதாரணமாக எந்த டிரம்மரும் இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் போடுவார். இரண்டாவது அடி தவறிப்போனது, அதையே தொடர்ந்து வாசித்துவிட்டேன் என்று பிளெய்னே பின்னால் சொல்லியிருக்கிறார். தவறோ திட்டமோ, அந்தக் காலியிடத்தில்தான் பாட்டு நிற்கிறது. இரண்டாவது அடியில் காது ஸ்னேரை எதிர்பார்த்து ஏமாறும், நான்கில் அது கிடைக்கும்.

நீங்கள் இரண்டில் தாம்பூரின் ஏதாவது வைத்திருந்தால் உடனே தூக்குங்கள்.

மொட்டைமாடி ரேடியோ

வைத்திருக்கிறேன். காலியாக இருக்கிறதே என்று ஒரு கைத்தட்டல் போட்டேன். தூக்கிவிட்டேன், உயிர் வந்துவிட்டது! நன்றி கோபி அண்ணா.

மோனோ மட்டும்

ஸ்டீரியோவில் மிக்ஸ் செய்கிறீர்களா? அப்படியென்றால் வேறு எதையும் பேசிப் பயனில்லை. மோனோவுக்கு (இடம் வலம் இல்லாமல் எல்லாம் ஒரே ஒலியாக) மாறுங்கள். இந்தப் பாட்டே மோனோவுக்காகச் செய்தது.

சத்தம் போடாதே

இன்றைக்கு யார் மோனோவில் கேட்கிறார்கள்?

மோனோ மட்டும்

போன் ஸ்பீக்கரில் கேட்கும் எல்லோரும். டீக்கடை ஸ்பீக்கரில் கேட்பவர். புளூடூத் டப்பாவில் கேட்பவர். ஸ்டீரியோவில் இரண்டு கிட்டாரை இடம் வலம் என்று தள்ளிவைத்துத் தப்பித்துவிடலாம். மோனோவில் எல்லாம் ஒரே வாசல் வழியாக வர வேண்டும், அதனால் எது முன்னால், எது பின்னால் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவுக்குத்தான் ரிவர்ப்பும் அளவும்.

பரணி லண்டன் (திங்கள் இரவு)

வணக்கம் அக்கா. நான் இங்கே ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்துகொண்டு அறுபதுகளின் பாட்டுகளைத்தான் பதிவு செய்கிறேன். கன ஆட்கள் தேவையில்லை, மூன்று பேரே காணும். ஒரு மைக்கை அறையின் நடுவில் வையுங்கோ. மூன்று பேரும் சுற்றி நின்று பாட்டு முழுவதையும் ஒரு தரம் வாசியுங்கோ. பிறகு இடம் மாறி நின்று இன்னொரு தரம். கிட்டார் நின்ற இடத்தில் ஷேக்கர், ஷேக்கர் நின்ற இடத்தில் கீபோர்ட். மூன்றாம் தரம் இன்னும் ஒரு மாற்றம். மைக்கை மட்டும் அசைக்காதேங்கோ. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்பது பேர் ஒரே அறையில் இருக்கிற மாதிரி வரும்.

முக்கியமான விஷயம், ஒரு பதிவைப் பிரதி எடுத்து ஒட்டக் கூடாது. அது இரண்டு பேராகக் கேட்காது, ஒருவரே கொஞ்சம் உரத்து வாசித்த மாதிரித்தான் கேட்கும். ஒவ்வொரு தரமும் கை கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அந்தப் பிசகுதான் தடிப்பைத் தரும்.

மொட்டைமாடி ரேடியோ

இது பிடித்திருக்கிறது பரணி. அத்தான் கிட்டார், மாடி வீட்டுத் தம்பி கீபோர்ட், அக்காவுக்கு ஷேக்கர் என்று ஆள் பிடித்துவிட்டேன். மூலத்தில் காஸ்டனெட் (கையில் தட்டும் மரச் சில்லு) சத்தம் ஒன்று உருண்டு வருமே, அதற்கு என்ன செய்வது?

ரிதம் கோபி

இரண்டு மரக்கரண்டியை முதுகோடு முதுகு ஒட்டிப் பிடித்துத் தொடையில் தட்டுங்கள். முக்கால்வாசி வந்துவிடும். தாம்பூரினுக்கு பஜனைச் சப்ளாக்கட்டை போதும், சலங்கையில் பாதியைத் துணி வைத்துக் கட்டிவிட்டால் பஜனை வாசம் போய்விடும். கிக்குக்குப் பழைய சூட்கேஸைப் போர்வையில் சுற்றிக் குதிகாலால் உதையுங்கள். ஸ்னேர் மட்டும் ஏமாற்ற முடியாது. உங்கள் ஊர் கோவை என்றால் சொல்லுங்கள், என்னுடையதைத் தருகிறேன்.

மொட்டைமாடி ரேடியோ

கோவைதான் அண்ணா!! தனிச் செய்தி அனுப்புகிறேன்.

பழைய ஸ்பூல் (செவ்வாய்)

இப்போது பாத்ரூம்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஹார்மோனிக்கா குழு ஒன்றின் பாட்டுக்கு ஸ்டுடியோவின் கழிவறையையே எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். பாட்டு பெரிய வெற்றி. டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காரர்கள் வீட்டுப் பரணை எதிரொலி அறையாக்கினார்கள். கோல்ட் ஸ்டாரில் டேவிட் கோல்ட் அதற்கென்றே சிமென்ட் பூச்சு அறைகள் கட்டினார். உள்ளே போக வேண்டுமானால் பூனை மாதிரி ஒரு சின்னக் கதவு வழியாக நுழைய வேண்டும். ரோனெட்ஸின் முதன்மைப் பாடகி ரோனியேகூட அந்த ஸ்டுடியோவின் பெண்கள் கழிவறையில் நின்றுதான் ஒத்திகை பார்த்தாராம், அங்கே குரல் நன்றாக முழங்குகிறது என்று. நீங்கள் சரியான பரம்பரையில்தான் வந்திருக்கிறீர்கள்.

செய்முறை சுலபம். பாத்ரூமில் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. ஸ்பீக்கர் ஒரு மூலைச் சுவரைப் பார்க்கட்டும், மைக் எதிர் மூலையைப் பார்க்கட்டும். அப்போதுதான் நேர் ஒலி குறைந்து, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மட்டும் மைக்குக்கு வரும். பதிவு செய்து முடித்த இசையை மென்பொருளிலிருந்து அந்த ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள். மைக் பிடிப்பதைத் தனி டிராக்கில் எடுத்து மூலத்தோடு கலந்துகொள்ளுங்கள். கருவிக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள், மொத்த வாத்தியத்தையும் ஒரே பொட்டலமாக அனுப்புங்கள். எல்லோரும் ஒரே அறையில் இருந்த மாதிரி வர வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே எதிரொலி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட்டில் ஓடும் ஸ்பீக்கரை ஈரத் தரைக்குக் கொண்டுபோக வேண்டாம். பேட்டரியில் ஓடும் டப்பா ஸ்பீக்கர் போதும். தரையையும் துடைத்துக் காயவிடுங்கள்.

சத்தம் போடாதே

எங்கள் வீட்டில் காலியான சம்ப் இருக்கிறது, பத்தாயிரம் லிட்டர். பாத்ரூமைவிட அது பிரமாதமாக இருக்குமே? (ஆமாம், எனக்கும் ஆசை வந்துவிட்டது.)

பழைய ஸ்பூல்

தம்பி, மூடிக்கிடந்த சம்ப்புக்குள் இறங்காதே. உள்ளே காற்று கெட்டுப்போயிருக்கும், மூச்சு நின்றுவிடும். ஆள் இறங்கி இறந்த செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படிக்கிறோம். வேண்டுமானால் மேலே நின்றுகொண்டு மைக்கையும் ஸ்பீக்கரையும் கயிற்றில் கட்டி இறக்கு. தலையைக்கூட உள்ளே விடாதே.

மொட்டைமாடி ரேடியோ (வியாழன் இரவு)

முடிவு சொல்கிறேன். நேற்று ஹாலில் நான்கு பேரும் சேர்ந்து மூன்று முறை வாசித்தோம், இடம் மாறி மாறி. முதல் முறை மூன்றாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். இரண்டாம் முறை தண்ணீர் மோட்டார். இரவு பத்தரைக்கு மேல்தான் உலகம் எங்களை விட்டது. மூன்றையும் சேர்த்துப் போட்டுக் கேட்டதும் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். என் 34 டிராக்கில் நான்கு வாரமாக வராதது இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது.

இன்று பாத்ரூம். அத்தையிடம் (மாமியார்) ஒரு மணி நேரம் கடன் வாங்கினேன். ஸ்பீக்கர் வாஷ்பேசின் மூலையில், மைக் கீஸர் மூலையில். குரலுக்கு அற்புதம். ஆனால் வாத்தியங்களை அனுப்பினால் சில இடங்களில் மட்டும் ‘ஊம்ம்’ என்று குமுறுகிறது. எல்லா இடத்திலும் இல்லை. ஏ கார்டு வரும்போதெல்லாம். ஸ்பீக்கர் பழுதோ?

பரணி லண்டன்

அக்கா, பாத்ரூம் அகலம் எவ்வளவு?

மொட்டைமாடி ரேடியோ

டேப் வைத்து அளந்தேன். அகலம் ஐந்தேகால் அடி, நீளம் எட்டு, உயரம் எட்டு.

பரணி லண்டன்

பிடிபட்டுவிட்டது. ஐந்தேகால் அடி என்றால் 1.6 மீட்டர். உங்கள் ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். இரண்டு சுவருக்கு நடுவில் நிற்கும் முதல் அலைக்கு 349-ஐ அகலத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 349 வகுத்தல் 3.2. விடை 109 ஹெர்ட்ஸ். பேஸில் (அடிச் சுரங்களில்) நீங்கள் தொடும் ஏ சுரம் 110 ஹெர்ட்ஸ். பாத்ரூம் உங்களோடு சேர்ந்து பாடுகிறது!

ஸ்பீக்கரில் பழுது ஒன்றும் இல்லை. பாத்ரூமுக்குள் அனுப்பும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அனுப்புங்கோ. இங்கே அபே ரோடு ஸ்டுடியோவில் இன்னும் மோசம், 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000-க்கு மேலும் வெட்டித்தான் எதிரொலிக்கு அனுப்புவார்கள் என்பது பிரபலமான கதை. பேஸ் எதிரொலி இல்லாமலே இருக்கட்டும், எதிரொலி நடுவில் மட்டும் இருக்கட்டும்.

ரிதம் கோபி

கணக்கு வாத்தியார் இப்படிப் பாடம் எடுத்திருந்தால் நான் டிரம்ஸ் பக்கம் வந்திருக்கவே மாட்டேன்.

மோனோ மட்டும்

எதிரொலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று சொல்லும் சாபின் சூத்திரமும் போட்டுப் பார்த்தேன். வெறும் டைல்ஸ் மட்டும் என்றால் அந்த அளவு அறைக்கு எதிரொலி 2.8 விநாடி நீடிக்க வேண்டும். அவ்வளவு வருகிறதா?

மொட்டைமாடி ரேடியோ

இல்லை, ஒரு விநாடிதான் இருக்கும். ஆனால் உள்ளே மூன்று துண்டு, ஒரு கால்மிதி, பிளாஸ்டிக் கதவு, துவைக்கிற துணி ஒரு கூடை.

மோனோ மட்டும்

அவற்றை வெளியே எடுங்கள். கூடை முழுக்க அழுக்குத் துணி என்றால் எதிரொலியை அது நன்றாக உறிஞ்சிவிடும்.

(திருத்தம்: மேலே சாபின் என்று எழுதிவிட்டேன், சபைன்.)

வெண்ணிலா (வெள்ளி)

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். பாட்டு எனக்கும் உயிர். ஆனால் இதன் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒரு பெண்ணைச் சுட்டுக்கொன்ற வழக்கில் 2009-இல் தண்டனை பெற்று, 2021-இல் கைதியாகவே இறந்தவர். ரோனி அவரைத் திருமணம் செய்து வீட்டுச் சிறை மாதிரி வாழ்ந்து, 1972-இல் செருப்புகூட இல்லாமல் தப்பி வெளியேறினார். ‘ஸ்பெக்டர் சவுண்ட்’ என்று கொண்டாடிக்கொண்டே அதை வீட்டில் மறுபடி செய்வது உங்களுக்கு உறுத்தவில்லையா?

சத்தம் போடாதே

பாட்டு வேறு, ஆள் வேறு.

வெண்ணிலா

அவ்வளவு சுலபமாக இருந்தால் நல்லது. ரோனெட்ஸுக்கு 1963 ஒப்பந்தத்தில் கிடைத்த முன்பணம் மூவருக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் டாலருக்கும் குறைவு. ராயல்டி என்று பைசா வரவில்லை. பின்னால் படங்களிலும் விளம்பரங்களிலும் பாட்டு ஓடிய பிறகு வழக்குப் போட்டார்கள். 2002-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே எழுதிக்கொடுத்திருப்பதால் அந்தப் பட வருமானத்தில் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டது. பாட்டும் ஆளும் வேறு வேறாக இருந்தால் பணம் மட்டும் எப்படி அந்த ஆளிடமே போனது?

பழைய ஸ்பூல்

நீங்கள் சொல்வது நியாயம் அம்மா. எங்கள் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறேன். முப்பது பேர் உழைத்த ஒலிக்கு ஒருவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாட்டின் ஒலிப்பதிவாளர் லேரி லெவீன். இசை அமைப்பை எழுதியவர் ஜாக் நிட்ஷி. பாட்டை எழுதியவர்களில் ஜெஃப் பேரியும் எல்லி கிரீன்விச்சும் உண்டு. எதிரொலி அறை டேவிட் கோல்டின் கைவேலை. பின்னணிக் குரல்களில் பின்னாளில் பெரிய பாடகியான ஷெர் 17 வயதில் இருந்தார், அப்போது அவரை யாருக்கும் தெரியாது. நான் இதைக் கோல்ட் ஸ்டார் ஒலி என்றுதான் சொல்வேன்.

மொட்டைமாடி ரேடியோ

வெண்ணிலா, உறுத்தியது. ஒரு வாரம் விட்டும் வைத்தேன். ரோனியே கடைசிவரை மேடையில் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார், 2022 ஜனவரியில் இறக்கும்வரை இது அவருடைய பாட்டாகத்தான் இருந்தது. நான் பிடிக்கப் பார்ப்பது அவருடைய குரலை. வீடியோவுக்குக் கீழே விவரம் எழுதும்போது முதல் பெயர் ரோனி, அடுத்து பிளெய்ன், லெவீன், நிட்ஷி என்று போடப்போகிறேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெண்ணிலா

அது போதும் எனக்கு. குரல் பற்றிச் சொல்லுங்கள். அந்த ‘வோ-ஓ-ஓ-ஓ’ எப்படி வருகிறது?

மொட்டைமாடி ரேடியோ

அதுதான் இப்போதைய தலைவலி. நான் பத்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவள். ‘வோ-ஓ-ஓ’ என்று இழுத்ததும் தொண்டை தானாகக் கமகத்துக்குப் போய்விடுகிறது. முதல் பதிவைக் கேட்டு அக்கா கேட்டாள், “நியூயார்க்கில் திருவையாறு உற்சவமா?” என்று. ரோனி குரலில் இருப்பது வேறு. சுரத்தை நேராகப் போய்ப் பிடிக்கிறார், கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்திருக்கிறார், வாக்கியம் முடியும்போது மட்டும் வேகமான, அகலமான ஒரு நடுக்கம். நமக்குச் சுரத்துக்குள் நுழையும்போதே அசைவு வரும், அவருக்கு வெளியேறும்போது வருகிறது.

வெண்ணிலா

அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள். நான் மேற்கத்தியப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள், ஒரு பயிற்சி சொல்கிறேன். வார்த்தையே இல்லாமல் ‘ஆ’ என்று ஒரே சுரத்தை நான்கு எண்ணிக்கை ஆடாமல் பிடியுங்கள். ஐந்தாவது எண்ணிக்கையில் வயிற்றைத் தளர்த்தினால் நடுக்கம் தானாக வரும். தொண்டையால் உருவாக்க வேண்டாம். அப்புறம் கொஞ்சம் மூக்கில் பாடுங்கள். நியூயார்க் தெருமுனையில் நின்று யாரையோ கூப்பிடுகிற குரல் அது, மென்மையாகப் பாடினால் அந்த வாத்தியக் கூட்டத்துக்குள் மூழ்கிவிடுவீர்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு முழம் இருக்கட்டும். உதட்டை ஒட்டிப் பாடும் இன்றைய பாணி இந்தப் பாட்டுக்குச் சரிவராது.

பரணி லண்டன் (சனி)

அக்கா, இன்னொரு யோசனை. குரலை பாத்ரூமுக்கு அனுப்பும்போது புளூடூத் வழியாக அனுப்பிப் பாருங்கோ. புளூடூத் ஒலியைக் கொஞ்சம் பிந்தித்தான் தரும், 150, 200 மில்லி விநாடி. அந்தக் காலத்தில் இந்தத் தாமதத்துக்காகவே குரலை முதலில் ஒரு டேப் எந்திரத்தில் ஓட்டிவிட்டு எதிரொலி அறைக்கு அனுப்புவார்கள். பதிவு செய்யும் ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இரண்டு அங்குலம், டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றால் 133 மில்லி விநாடி. உங்கள் டப்பா ஸ்பீக்கர் அதை இலவசமாகச் செய்யும்.

பழைய ஸ்பூல்

குறையை வேலைக்கு வைத்துக்கொள்கிறார் பரணி. எங்கள் காலத்துப் புத்தி.

சத்தம் போடாதே

ஒரு சந்தேகம். மூன்று முறை வாசித்ததைச் சேர்த்து ஒரே டிராக்காக ஆக்கிய பிறகு, மூலக் கோப்புகளை அழித்துவிட வேண்டுமா? மூன்று டிராக் விரதம் என்றால் அதுதானே நியாயம்?

மோனோ மட்டும்

அழித்துவிடுங்கள். திரும்பிப் போக வழி இருந்தால் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

ரிதம் கோபி

பைத்தியமா? வேறு டிஸ்கில் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த டிஸ்கைப் பீரோவில் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுங்கள்.

மொட்டைமாடி ரேடியோ

கோபி அண்ணா சொன்னபடி. சாவி அத்தையிடம். :) இப்போது திரையில் மூன்றே டிராக். வாத்தியம் மொத்தமும் ஒன்று, பின்னணிக் குரல்கள் ஒன்று, என் குரல் ஒன்று. எதிரொலி அதனதன் டிராக்குக்குள்ளேயே கலந்துவிட்டது. ஸ்னேர் கொஞ்சம் சத்தம் அதிகம் என்று இன்று காலை தோன்றியது, மாற்ற முடியாது. மதியம் கேட்டபோது அது சரிதான் என்று தோன்றியது.

மாலைக்காற்று

புதியவன். இதை வீடியோவாகப் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வராதா?

சத்தம் போடாதே

நான் இரண்டு ஆங்கிலப் பாட்டுக்குக் கவர் (நானே மறுபடி பாடிய பதிவு) போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் பாடல் உரிமையாளரிடமிருந்து தானியங்கி உரிமைகோரல் வந்தது. வீடியோ அப்படியே இருக்கிறது, விளம்பரக் காசு அவர்களுக்குப் போகிறது. எல்லாப் பாட்டுக்கும் இப்படியே நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. மூலப் பதிவிலிருந்து ஒரு விநாடிகூட வெட்டி ஒட்டாதீர்கள், அது தனி உரிமை. காசுக்கு விற்பதென்றால் கதை வேறு. நம் சட்டத்தில் கவர் பதிவுக்கென்றே 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறது, முன்கூட்டியே அறிவித்துப் பணம் கட்ட வேண்டும், பாடலுக்கு ஆண்டுக்குக் குறைந்தது ஐம்பதாயிரம் பிரதிக்கான ராயல்டி. வீட்டுப் பதிவுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. தமிழில் வரி எழுதிப் பாடுவதென்றால் அதற்கும் தனி அனுமதி வேண்டும்.

மாலைக்காற்று

நன்றி. தமிழ் வரி பாதி எழுதிவிட்டேன், குளியலறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மொட்டைமாடி ரேடியோ (ஞாயிறு இரவு)

முடிந்துவிட்டது. கேட்கும் இணைப்பைத் தனிச் செய்தியில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக எடுத்தது என் குரலின் பாத்ரூம் எதிரொலி. துண்டு, கால்மிதி, துணிக்கூடை எல்லாம் வெளியே. கதவைச் சாத்திவிட்டு ஹாலிலிருந்து பாட்டை ஓட்டினேன். பாதியில் உள்ளே ‘டணார்’ என்று ஒரு சத்தம். ஹெட்போனில் இருந்ததால் எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டால், கடைசிக் கோரஸுக்கு முன்னால் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தில், சரியாக நான்காவது அடிக்குக் கொஞ்சம் பிந்தி, எவர்சில்வர் வாளி ஒன்று உருள்கிறது. எதிரொலியோடு. மறுபடி எடுக்கலாமா என்று யோசித்தேன். பிளெய்னின் தவறிப்போன ஸ்னேர் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

ரிதம் கோபி

கேட்டேன். அந்த வாளி என் ஸ்னேரைவிட நன்றாக இருக்கிறது. அழுதுகொண்டே எழுதுகிறேன்.

பழைய ஸ்பூல்

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன் அம்மா. பின்னணிக் குரல்கள் சுதியில் ஒரு மயிரிழை இறங்குகின்றன, திருத்தாதீர்கள். உங்கள் குரல் இன்னும் ஒரு சிட்டிகை உள்ளே போயிருக்கலாம். மற்றபடி எனக்குக் குறையில்லை.

வெண்ணிலா

கமகம் இல்லை! ஒரே ஓர் இடத்தில் எட்டிப் பார்க்கிறது, பாட்டு மறையப்போகும் கடைசிப் பத்து விநாடியில். அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பரணி லண்டன்

வீட்டில் என்ன சொன்னார்கள் அக்கா?

மொட்டைமாடி ரேடியோ

அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். “ரேடியோவில் வர்ற மாதிரியே இருக்கும்மா. நடுவில் மட்டும் யாரோ வாளியைத் தட்டிவிட்டாங்க” என்றார்.

நீங்கதான் அத்தை, என்றேன்.

“கதவைச் சாத்தி வைச்சிருந்தா உள்ளே ஆள் இருக்குன்னு நினைச்சு எவ்வளவு நேரம்தான் நிக்கிறது? மெதுவாத் திறந்து வாளியை மட்டும் எடுக்கப் பார்த்தேன்” என்றார். பிறகு இன்னொரு தடவை போடச் சொல்லி, அந்த இடம் வருவதற்கு முன்பே கையை உயர்த்திக் காட்டினார்.